தாய்மாமன் படம்

அந்தப் படத்துக்கா போறீங்க? எதுத்தாப்ல ஓடுதே பழைய கறுப்பு வெள்ளைப் படம், 'ஒன்பதாம் படி', அதுக்கா? அட, டிக்கெட்டே எடுத்தாச்சா! சரி சரி, அப்ப நான் வாயைத் தொறக்கல. நீங்க குடிங்க தம்பி. பருத்திப்பாலைச் சூட்டோட குடிச்சாத்தான் சுகம். சுக்கு கொஞ்சம் தூக்கலா இருக்கா? இருக்கும். நம்ம கைப்பக்குவம் அப்படி.

இல்ல தம்பி, கதையை நான் சொல்லப்போறதில்ல. மர்மப் படத்தோட முடிவைச் சொல்லுறது மகா பாவம்னு எங்க மாப்பிள்ளை சொல்லுவாரு. தெய்வேந்திரன்னு பேரு, என் தங்கச்சி பாண்டீஸ்வரி வீட்டுக்காரரு. லைப்ரரியில வேலை. அங்க துப்பறியும் புஸ்தகம் ஒண்ணுல எவனோ ஒரு வெளங்காத பய மொதப் பக்கத்துலயே 'சமையக்காரன்தான் கொலைகாரன்'னு பேனாவால எழுதி வச்சுட்டானாம். மனுசன் ரெண்டு நாள் சோறு திங்கலையே! அம்புட்டுக் கொள்கைக்காரரு. அந்தக் கொள்கைதான் என் குடியையே கெடுக்கப் பாத்துச்சு. அதை மட்டும் சொல்லுறேன். படத்தைச் சொல்ல மாட்டேன். ஆட்டம் ஆரம்பிக்கத்தான் இன்னும் நேரம் கெடக்கே, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க.

எனக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் அமையல. வீரணனுக்குப் பொண்ணு குடுக்க எவனுக்கும் குடுப்பினை இல்லைன்னு நான் சொல்லிக்குவேன். ஊரு வேற மாதிரி சொல்லும், அதை விடுங்க. எனக்குன்னு இருக்கிறது தங்கச்சி மக ஒருத்திதான். அங்கயற்கண்ணின்னு ஆத்தா பேரை வச்சிருக்கோம், கூப்பிடுறது அங்கைன்னு. ரெண்டாங் கிளாஸ் படிக்கிறா. வாயி இருக்கே வாயி, வக்கீலுக்குப் படிக்க வைக்கலாம். பால் காய்ச்சி எறக்குனதும் மொதல் டம்ளர் அவளுக்குத்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசப்படியில உக்காந்திருப்பா. வண்டியை அங்க நிறுத்தி, ஆத்தி, ஊதி, அவ குடிச்சுப் பால் மீசையைத் தொடைச்சப்பறந்தான் இந்தத் தெருவுக்கு வருவேன். போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து ஏட்டையா வந்து காத்துக்கெடந்தாலும் சரி, மொதல் டம்ளர் எம் மருமகளுக்குத்தான்.

அவளுக்குக் காது குத்தாமலே கெடந்துச்சு. மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயில்ல யாருக்கு மொத மரியாதைன்னு பங்காளிகளுக்குள்ள சண்டை, கோயிலையே பூட்டிட்டானுக. வருசம் போச்சு. இவ கூடப் படிக்கிற பிள்ளைகள்லாம் ஜிமிக்கி போட்டு ஆட்டுதுக, இவ வேப்பங்குச்சியைக் காதுல சொருகப் பாக்குறா. ஒருவழியா ராசியாகிக் கோயிலைத் தொறந்து தேதியும் வச்சாங்க. எனக்குத் தலைகால் புரியல. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தானே தம்பி காது குத்துவாங்க! கலெக்டர் வந்தாலும் அந்த எடத்துல உக்கார முடியாதுல்ல? தோடு, பட்டுப்பாவாடை, தேங்கா, பழம்னு பத்துத் தட்டுக்குச் சீர் வாங்கி வச்சு, போறவன் வாறவனைக் கூப்பிட்டு, 'எம் மருமகளுக்குக் காது குத்து, எம் மடியிலதான்'னு சொல்லிக்கிட்டே கெடந்தேன். பால் கேட்டவனுக்கும் சொன்னேன், பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டவனுக்கும் சொன்னேன்.

அந்த நேரத்துலதான் எதுத்தாப்ல இந்தப் போஸ்டரை ஒட்டுனான். பாருங்க, நீங்களே திரும்பிப் பாருங்க. ஒரு ஆம்பளை சின்னப்பிள்ளையைத் தோள்ல தூக்கி வச்சிருக்கான், ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க. இதைப் பாத்தா என்ன தோணும்? பாசப் படம்னுதானே தோணும்? அன்னிக்கே மாப்பிள்ளைகிட்டக் கேட்டேன்.

"மாப்ள, அது என்ன கதை?"

"ஒரு தாய்மாமனும் அவரு மருமகளும் மச்சான். அதுக்கு மேல கேக்காதீங்க."

"மாமன் பிள்ளை மேல பாசமா இருப்பாப்லயா?"

"இருப்பாரு இருப்பாரு" அப்படின்னுட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு.

எனக்கு இது போதாதா? காது குத்துக்கு ஒரு வாரம் இருக்கு, பிள்ளைக்குத் தாய்மாமன் அருமை தெரிய வேணாமா? 'எல்லாரையும் நானே கூட்டிட்டுப் போறேன்'னுட்டேன். அதுக்கு மாப்பிள்ளை, "பிள்ளைக்கு இந்தப் படம் வேணாம் மச்சான், வேற படத்துக்குப் போவோம்"னாரு. ஏன்னு கேட்டேன். "ஏன்னு சொல்ல முடியாது"ன்னாரு. காரணம் சொல்லாம வேணாம்னா எவன் தம்பி கேப்பான்? மனுசனுக்குப் பொறாமை. எம் பேரு மேல வந்துடுமோன்னு பொறாமை. அப்படித்தான் நினைச்சேன், இப்பவும் அதுல பாதி உண்டு.

நான் அதுவரைக்கும் மர்மப் படம்னு ஒண்ணைப் பாத்ததே இல்ல. சண்டைப் படம் பாத்திருக்கேன், சாமி படம் பாத்திருக்கேன். தாய்மாமன் படம் எத்தனையோ பாத்திருக்கேன். தாய்மாமன்னா தங்கச்சிக்காகக் காட்டை வித்துச் சீர் கொண்டாருவான். வில்லன் வீசுன கத்தியை நெஞ்சுல வாங்குவான். சாகும்போதும் ஒரு பாட்டுப் பாடிட்டுத்தான் சாவான். பெரியப்பன் சொத்தைப் புடுங்குவான், சித்தப்பன் வெஷம் வப்பான், அத்தைக்காரி சூடு போடுவா, எல்லாம் உண்டு. தாய்மாமன் கெட்டவனா வந்து நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? நான் பாத்ததில்ல. எனக்குத் தெரிஞ்ச ஒலகம் அப்படி.

உள்ள போயி உக்காந்தோம். எனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவுல அங்கை, அந்தப் பக்கம் பாண்டீஸ்வரி. கையில முறுக்கு. இடைவேளைக்குன்னு பிளாஸ்க்ல பருத்திப்பால். ஒரு பங்களாவைக் காட்டுறான். மாடிப்படியில ஒன்பதாவது படி மட்டும் மிதிச்சாக் கிரீச்சுங்கும். கிரீச்சுன்னு கேட்டா மறுநாள் வீட்ல ஒரு சாவு. மொதல்ல தாத்தா, அப்பறம் ஒரு அத்தை. பயந்தேன்னு நினைச்சுடாதீங்க. எனக்குக் காலு சும்மா இருக்காது, பழக்கம். அதுவாப் போயி முன்சீட்டை ஒதைச்சிருச்சு. முன்னால இருந்த ஆளு மூணு தடவை திரும்பி மொறைச்சாரு.

யாரு கொலைகாரன்னு நான் மொத ரீல்லயே கண்டுபிடிச்சுட்டேன். தோட்டக்காரன். அவன் மீசையே சரியில்ல. சத்தமாவே சொன்னேன். அரை மணியில தோட்டக்காரன் செத்துப்போனான். அப்ப டாக்டர்தான்னேன். டாக்டரும் போயிட்டாரு. நான் பேரைச் சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தனாச் செத்துக்கிட்டு இருக்கான் தம்பி! பின்னால ஒரு அம்மா, "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், யாரையும் சொல்லாம இருங்களேன்"னு கையெடுத்துக் கும்பிட்டுருச்சு. மாப்பிள்ளை பக்கம் திரும்புனா, மனுசன் உதட்டைக் கடிச்சுக்கிட்டுத் தரையைப் பாத்து உக்காந்திருக்காரு. நாலு தடவை பாத்த படமாம்! அப்ப எனக்குத் தெரியாது.

இம்புட்டுக் கலவரத்துலயும் அந்த மாமன் இருக்காரே, தங்கமான மனுசன். அப்பா ஆத்தா இல்லாத பிள்ளையைத் தோள்ல தூக்கிட்டுத் திரியுறாரு, தலை சீவி விடுறாரு. ராத்திரியானா டம்ளர்ல பாலை ஆத்தி எடுத்துட்டு வர்றாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அவரு டம்ளரைத் தூக்கிட்டு வரும்போதெல்லாம் நான் அங்கையை முழங்கையால இடிக்கிறேன். "பாத்தியா ஆத்தா? அப்படியே உம் மாமன்தான்! அவரும் பால் குடுக்குறாரு, நானும் பால் குடுக்குறேன்!" ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு தடவையும். இடைவேளையில பிளாஸ்க்கைத் தொறந்து அவளுக்கு ஊத்திக் குடுத்துட்டு, முன்சீட்டு ஆளுகிட்ட, "எம் மருமக சார், வர்ற வெள்ளிக்கெழமை காது குத்து, எம் மடியிலதான்"னு சொன்னேன். அவரும் சிரிச்சாரு.

கடைசிக் கட்டம். கிரீச்சுனு படி சத்தம். பிள்ளை கட்டில்ல உக்காந்திருக்கு. மாமன் சிரிச்சுக்கிட்டே டம்ளரை நீட்டுறாரு. பிள்ளை வாயில வைக்கப் போகுது. திரைச்சீலைக்குப் பின்னால இருந்து போலீஸ்காரங்க பாயுறாங்க! டம்ளர் கீழ உருளுது, சிந்துன பாலை நக்குன பூனை சுருண்டு விழுகுது. எல்லாத்தையும் கொன்னது அந்த மாமன்தான் தம்பி! சொத்துக்காக!

ஐயையோ. சொல்லிட்டேனா? சே! என் வாயில மண்ணைப் போட. அட, எந்திரிக்காதீங்க தம்பி, உக்காருங்க. யாருன்னுதானே சொன்னேன்? எப்படின்னு சொல்லலையே? சரி, அந்தப் பாலையும் பூனையையும் விட்டா மிச்சம் எல்லாம் அப்படியே புதுசாத்தான் இருக்கு உங்களுக்கு. இன்னொரு டம்ளர் ஊத்துறேன், காசு வேணாம். என்ன டம்ளரையே உத்துப் பாக்குறீங்க? நான் குடிச்சுக் காட்டவா? குடிங்க தம்பி, இது சுக்குத்தான்!

அப்பறம் விலங்கு மாட்டி ஜீப்புல ஏத்துறாங்க. அந்தப் பிள்ளை, 'மாமா, மாமா'ன்னு ஜீப்புக்குப் பின்னாலயே ஓடுது. கேட்டைச் சாத்திடுறான். படம் முடிஞ்சுருச்சு. அத்தனை கொலைக்கும் கண் சிமிட்டாம முறுக்கைக் கடிச்சுக்கிட்டிருந்த எம் மருமக, அந்த எடத்துல ஒடைஞ்சு அழுதா பாருங்க ஒரு அழுகை. தேட்டரே திரும்பிப் பாக்குது. நான் தூக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டுட்டு அவ அப்பன் கழுத்தைக் கட்டிக்கிட்டா. விளக்கைப் போட்டாங்க. முன்சீட்டு ஆளு மெதுவாத் திரும்பி என் மூஞ்சியைப் பாத்தாரு, பிளாஸ்க்கைப் பாத்தாரு, செருப்பை மாட்டிக்கிட்டு வேகமாப் போயிட்டாரு.

மறுநாள் வண்டியைத் தள்ளிட்டுப் போறேன், வாசப்படியில ஆளில்ல. கூப்பிட்டேன். கதவைக் கொஞ்சமாத் தொறந்தா. தெருவை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பாத்தா. "பால் வேணாம். போ மாமா. இங்க வராத"ன்னு சாத்திட்டா. அடுத்த நாளும் அதே கதை. ஒரு நாள் இங்கன நின்னு ஏட்டையா பால் குடிச்சுக்கிட்டிருக்காரு. கடைக்குப் பையைத் தூக்கிட்டு வந்த அங்கை, எங்களைப் பாத்ததும் மூஞ்சி வெளுத்துப்போயி வந்த வழியே ஓடிட்டா. பெத்த தகப்பன் மாதிரி வளத்தவனைப் பாத்து ஒரு பிள்ளை ஓடுதுன்னா அப்பறம் என்ன தம்பி இருக்கு? அன்னிக்கு ஒரு அண்டாப் பாலை வெல்லம் போடாமலே காய்ச்சி எறக்கிட்டேன். குடிச்சவன் பூரா காறித் துப்பிட்டுப் போனான்.

நேரா மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிட்டேன்.

"ஏன் மாப்ள, அந்த மாமன் கொலைகாரப் பயன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"வேணாம்னு சொன்னேனே மச்சான்."

"காரணத்தைச் சொன்னீங்களா?"

"காரணத்தைச் சொன்னா முடிவைச் சொன்னாப்லதானே?"

"உங்க முடிவைக் கொண்டுபோயி ஒடப்புல போடுங்க! எம் பிள்ளை என் மொகத்துல முழிக்க மாட்டேங்குது, உங்களுக்குக் கொள்கை கேக்குதா?"

நடுவுல பாண்டீஸ்வரி வந்து, "அண்ணே, வேலியில போன ஓணானை வேட்டிக்குள்ள விட்டது நீயி, அவரை ஏன் வையுற?"ன்னுட்டா. அவளும் புருசன் பக்கம். கூடப் பொறந்தவளே இப்படின்னா யாருகிட்டச் சொல்ல? அதான் உங்ககிட்டச் சொல்லுறேன்.

காது குத்துக்கு விடிஞ்சிருச்சு. தட்டைத் தூக்கிட்டு மேளத்தோட போறேன், சிரிக்கிறேன், கண்ணு மட்டும் அங்கையைத் தேடுது. கோயில் முன்னால பாய் விரிச்சாச்சு. ஆசாரி ஊசியைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் கூப்பிட்டிருந்த ஏட்டையாவும் யூனிபாரத்தோட வந்து நிக்கிறாரு. நான் சம்மணம் போட்டு மடியைத் தட்டி, "வா ஆத்தா"ன்னேன். அவ ஆத்தா முந்தானைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு, "மாமா மடியில உக்கார மாட்டேன்"ங்கிறா. கூப்பிடுறோம், கெஞ்சுறோம், மிட்டாய் காட்டுறோம். ம்ஹூம். சனம் குசுகுசுங்குது. 'ஏன் பயப்படுது? அந்த ஆளு என்ன செஞ்சான் பிள்ளையை?' இது என் காதுல விழுகுது தம்பி. அந்த எடத்துலயே செத்திரலாம்னு இருந்துச்சு.

இதுல எங்க பெரியப்பா மகன் சோணைமுத்து இருக்கான், பட்டுச் சட்டையும் வெரல் தண்டிச் சங்கிலியுமா வந்து நிக்கிறான். "பிள்ளை பயப்படுதுல்ல வீரணா, நல்ல நேரம் போகுது. நானும் மாமன்தானே, எந்திரி, நான் உக்காருறேன்"னு வேட்டியை மடக்கிக்கிட்டுப் பாயில காலை வச்சுட்டான். அவ பொறந்ததுல இருந்து ஒரு கிலுகிலுப்பை வாங்கிக் குடுத்திருப்பானா அவன்? எங்க இருந்துதான் எனக்கு அந்த வேகம் வந்துச்சோ. "ஆசாரி, மொதல்ல எனக்குக் குத்துங்கய்யா. வலிக்காதுன்னு பிள்ளைக்குத் தெரியட்டும்"னுட்டேன்.

சின்ன வயசுல குத்துனதெல்லாம் தூந்துபோச்சு. ஊசின்னா எனக்கு ஆகாது, காய்ச்சல் வந்தாக்கூட கசாயத்தோட படுத்துக்குவேன். இருந்தாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "பாரு ஆத்தா, மாமன் சிரிச்சுக்கிட்டே இருக்கேன்"னு சொல்லுறேன், ஆசாரி சொருகிட்டாரு. கத்துனேனே ஒரு கத்து! மேளக்காரன் அடிக்கிறதை நிறுத்திட்டான். இந்தக் காதுதான், பாருங்க, இன்னும் வீங்கித்தான் கெடக்கு. அந்தப் பக்கம் குத்த இன்னும் தைரியம் வரல.

அந்தக் கத்தலைக் கேட்டதும் முந்தானைக்குப் பின்னால இருந்து ஒரு பாய்ச்சல். "எங்க மாமாவை விடு! விடுடா எங்க மாமாவை!" ஆசாரி கையில சப்பு சப்புன்னு அடிக்கிறா. அடிச்சுட்டு என் மடியில ஏறி, கழுத்தைக் கட்டிக்கிட்டு, பட்டுப்பாவாடை நுனியால என் காதைத் தொடைக்கிறா. தொடைச்சு ஊதுறா. "அழாத மாமா, சரியாப் போயிரும், அழாத." ஆசாரி விவரமானவரு, அந்த நேரத்துலயே அவ காது ரெண்டையும் முடிச்சுட்டாரு. ஒரு சிணுங்கல்கூட இல்ல. என் காதை ஊதுற சோலியில அவளுக்குத் தன் காது நினைப்பே இல்ல. சோணைமுத்து ஒரு காலைப் பாயிலயும் ஒரு காலைத் தரையிலயும் வச்சபடி நின்னுக்கிட்டிருந்தான்.

கூட்டம் சாப்பாட்டுக்குப் போனப்பறம் மெதுவாக் கேட்டேன். "ஏன்டி ஆத்தா, ஒரு வாரமா மாமன்கிட்ட வரல? மாமன் உன்னையக் கொன்னுபுடுவேன்னா பயந்த?"

என்னைய மேலயும் கீழயும் பாத்தா. "நீ எதுக்கு என்னையக் கொல்லப்போற? லூசா மாமா நீ?"

"பெறகு?"

"அந்தப் பிள்ளை பாலைக் குடிக்கப் போனதாலதான மாமா போலீஸ் வந்துச்சு? வேணாம்னு சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தா அந்த மாமாவைப் புடிச்சிருக்க மாட்டாங்கல்ல? அந்தப் பிள்ளைக்கு அவரை விட்டா வேற யாரு இருக்கா?"

தெருவைப் பாத்தது அதுக்கா? ஏட்டையாவைக் கண்டு ஓடுனது அதுக்கா? அவரு நிக்கிறாருன்னுதான் மடியில உக்கார மாட்டேன்னாளா? என்னையக் காப்பாத்தவா ஆத்தா இத்தனை நாள் பால் குடிக்காமக் கெடந்த? அவளை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுகுறேன். இலையில உக்காந்திருந்த சோணைமுத்து எட்டிப் பாத்து, "ஏண்டா, ஒரு ஊசிக்கு ஆம்பளை இம்புட்டு நேரமா அழுவான்?"ங்கிறான். ஆமாய்யா, ஊசிக்குத்தான் அழுகுறேன்னு சொல்லிட்டேன்.